உப்பில் அலசிய நூல்

மூதூருக்கும் திருகோணமலைக்கும் கடல்வழியே ஆள் ஏற்றிய காலத்தில் ‘ஜெஸீமா’ லோஞ்சில் எண்பது பேர் மட்டுமே ஏறலாம் என்று ஒரு பலகையில் எழுதியிருந்தது. அந்தப் பலகைக்குக் கீழேயே இருபது பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். பிறகு பாலங்கள் வந்தன, எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். லோஞ்சுக்குச் சொந்தக்காரரான ஹிஸ்புல்லாக் காக்கா எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு, லோஞ்சைக் கிண்ணியாப் பக்கத்து ஓடையொன்றுக்குள் இழுத்துவந்து கண்டல் மரங்களுக்கு நடுவே கட்டிப்போட்டார். மகளின் பெயரை வைத்த சாமானை உடைத்து விறகாக்க அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருசமாக அதில் சஞ்சீவனும் தர்சிகாவும் குடியிருந்தார்கள். சஞ்சீவன் ஒரு காலத்தில் அதே லோஞ்சின் எஞ்சின்காரன். எண்ணெய்க்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருசத்தில், உப்புவெளியில் வெள்ளைக்காரருக்குத் திமிங்கிலம் காட்டப் போகும் படகில் அவனுக்கிருந்த வேலை போனது. அதற்குப் பின்னால் டவுனில் இருந்த வாடகை அறையும் போனது. அவன் நேரே ஹிஸ்புல்லாக் காக்காவிடம் போய் லோஞ்சைக் கேட்டான். ஆள் புழங்காத மரம் கெதியாக உக்கிப்போகும், நீ இருந்தால் அதற்கும் நல்லது என்று அவர் பூட்டுத் திறப்பைக் கொடுத்தார். கொஞ்சக் காலத்துக்கு என்றுதான் போனார்கள். எல்லோரும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள்.

தர்சிகா அதை ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை. ‘லோஞ்சுக்குப் போவம்’, ‘லோஞ்சில சாப்பாடு கிடக்கு’ என்றுதான் சொல்லுவாள். சஞ்சீவன் வாய் தவறி ‘வீட்டை’ என்று சொன்னாலும், “லோஞ்சை” என்று திருத்துவாள். அவளுடைய பிடிவாதம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. பிள்ளை இல்லாத இடம் எப்படி வீடாகும் என்பது அவள் கட்சி.

பிள்ளை, பத்து வயதுக் கௌசிகா, பாலையூற்றில் சஞ்சீவனின் அக்கா குணேஸ்வரியோடு இருந்தாள். அங்கே பள்ளிக்கூடம் கிட்ட, கிணறும் கறண்டும் இருந்தன. குணேஸ்வரிக்குப் பிள்ளைகள் இல்லை. நல்ல மனுசி. அந்த நல்லதுதான் தர்சிகாவுக்குப் பயமாக இருந்தது. கிழமைக்கொருமுறை பார்க்கப் போகிறபோது கௌசிகாவின் தலைப்பின்னல் தான் பின்னுவதைவிட நேராக இருக்கும். அதைப் பார்த்துச் சந்தோசப்படத்தான் வேண்டும் என்று தெரிந்தாலும் வயிறு எரியும்.

வருசம் பிறந்தால் கௌசிகா ஆறாம் வகுப்பு, புதுப் பள்ளிக்கூடம். அதற்கான படிவத்தில் தாய் தகப்பனின் விலாசம் வேண்டும், விலாசத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். கார்த்திகை நடுப்பகுதிக்குள் படிவம் போய்ச் சேரவேண்டும். கிராம சேவகர் நல்ல மனிதர்தான். ஓடைக்கரையில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு லோஞ்சை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

“தண்ணிக்கு இலக்கம் போடேலாது தங்கச்சி. கரையில ஒரு அறையெண்டாலும் எடுங்கோ. அண்டைக்கே கையெழுத்து வைச்சுத் தாறன்.”

அறையும் பார்த்துவைத்திருந்தாள். சீனக்குடாவில், ஓய்வுபெற்ற தபால்காரர் சிவகுருநாதன் வீட்டுப் பக்கவாட்டில், தனி வாசலும் ஒரு குசினியும் உள்ள அறை. ஐப்பசி முடியும்வரை வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று அவர் வாக்குச் சொல்லியிருந்தார். முற்பணம் கட்டி அந்த அறைக்குள் போவதற்கான வழி, தர்சிகாவின் கணக்கில், நூல்தான்.

அவள் பிறந்த ஊர் திரியாய். சண்டை முடிந்து ஊர் திரும்பிய காலத்தில் ஒரு நிறுவனம் பெண்களைக் கூப்பிட்டு ஐந்து நாள் நூலுக்குச் சாயம் போடப் பழக்கியது. பெயருக்குப் போனவர்கள்தான் அதிகம். பழகியதை மறக்காமல், அவர்கள் கொடுத்த தாளையும் பொலித்தீன் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தவள் தர்சிகா ஒருத்திதான். இத்தனை வருசத்துக்குப் பிறகு, கிண்ணியாவில் றுஷ்தா என்ற பெண் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பருத்தி நூலில் பொம்மை பின்னி கொழும்புக் கடையொன்றுக்கு அனுப்புகிறாள் என்று கேள்விப்பட்டதும் அந்தத் தாள் வெளியே வந்தது. மருதமுனையிலிருந்து வெள்ளை நூல் பஸ்ஸில் வரும். தர்சிகா அதைக் கழி கழியாகச் சுற்றிச் சாயம் போட்டுக் கொடுப்பாள். முதலில் இரண்டு கிலோ, பிறகு ஐந்து கிலோ. ஆடி மாதம் றுஷ்தா பெரிய வேலையொன்றைக் கொண்டுவந்தாள். முப்பது கிலோ, ஐந்து நிறம், ஐப்பசிக் கடைசியில் கொடுத்தால் போதும். சிவகுருநாதனின் அறைக் கதவு அன்றைக்கே பாதி திறந்துவிட்டதாகத் தர்சிகா நினைத்தாள்.

சாயம் போடுகிற வேலை பார்க்க வடிவாக இருக்கும், செய்தால்தான் தெரியும். ஓடைக்கரையில் மூன்று கல் வைத்து, ஹிஸ்புல்லாக் காக்கா வீட்டுக் கலியாணங்களுக்குச் சோறு ஆக்கிய பழைய கிடாரத்தை ஏற்றினாள். முதலில் சவர்க்காரத் தண்ணீரில் நூலை அவித்து மெழுகைப் போக்க வேண்டும். பிறகு சாயம் கரைத்த தண்ணீரில் போட்டு, மூன்று தரம் உப்புப் போட்டு, கம்பால் புரட்டிக்கொண்டே நிற்க வேண்டும். உப்புப் போட்டால்தான் சாயம் நூலில் ஏறும் என்று தாளில் இருந்தது. கண்டல் விறகின் புகை கண்ணைக் கரிக்கும். கடைசியாக, தண்ணீர் நிறமில்லாமல் தெளியும்வரை அலச வேண்டும். அந்த அலசலில்தான் முதுகு முறியும், தண்ணீரும் முடியும்.

தண்ணீர் சஞ்சீவனின் பொறுப்பு. நெல் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் இருந்த குழாயிலிருந்து இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்டிக் கான் தூக்கி, சேற்றுக்குள் போட்ட பலகைகளில் கால் வைத்து வரவேண்டும். அலச மட்டும் நாளுக்குப் பன்னிரண்டு கான். பகலில் வேலை கிடைத்தால் வெல்டிங் பட்டறைக்குப் போவான், இல்லாவிட்டால் தண்ணீர் தூக்குவான். முணுமுணுத்ததில்லை. ஆவணி பிறந்ததும் மேற்கிலிருந்து கச்சான் காற்று கொதிக்கக் கொதிக்க வீசியது. கிணறுகள் கரித்தன. குழாயில் காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் தண்ணீர் வந்தது, அதற்கும் சனம் சண்டை பிடித்தது. சஞ்சீவன் பாலத்தடிவரை போய்த் தூக்கினான். ஒருநாள் பலகை வழுக்கி முழங்கால் மடங்கி விழுந்தான். கான் ஒன்று உடைந்தது. முழங்கால் வீங்கி, இரவெல்லாம் எண்ணெய் தடவியும் குறையவில்லை.

அடுத்த நாள் காலையில், கிடாரத்திலிருந்து இறக்கிய மஞ்சள் கழிகளைக் கையில் வைத்துக்கொண்டு தர்சிகா ஓடையைப் பார்த்தாள். கடலிலிருந்து ஏறிவந்த தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது.

“இஞ்சேருங்கோ, சாயத்துக்கு நாங்கள் உப்புத்தானே போடுறம்” என்றாள்.

சஞ்சீவன் லோஞ்சின் விளிம்பில் காலை நீட்டிக்கொண்டிருந்து, நைந்துபோன கட்டுக்கயிற்றைப் பின்னிக்கொண்டிருந்தான். “ஓம்” என்றான்.

“அப்ப உப்புத்தண்ணியில அலசினால் என்ன? நாங்களும் இதிலதானே குளிக்கிறம், உடுப்புத் தோய்க்கிறம். கடைசியா ஒரு வாளி நல்லதண்ணியில காட்டி எடுத்தாக் காணும்.”

லோஞ்சில் வாழ்கிறவர்களின் முறை அதுதான். உடம்புக்கும் உடுப்புக்கும் பாத்திரத்துக்கும் முதலில் ஓடை, கடைசியில் ஒரு கோப்பை நல்ல தண்ணீர். இரண்டு வருசத்தில் அது அவர்கள் கைக்குப் பழக்கமாகிவிட்டது. கரையில் கிணற்றுக்கட்டோடு வாழ்கிற எவளுக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

சஞ்சீவன் பின்னுவதை நிறுத்தினான். மடியில் கிடந்த கயிற்றைப் பார்த்தான், முழங்காலைப் பார்த்தான். பிறகு, “உனக்குத்தானே தெரியும்” என்றான்.

தர்சிகாவுக்கு ஆறுதலாக இருந்தது. அவன் காலைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். அன்றிலிருந்து இருபது கிலோவுக்கு மேல் நூல் ஓடையில்தான் அலசப்பட்டது. கடைசி வாளியும் பத்துக் கழிக்கு ஒரே வாளி. அந்த வாளியே ஐந்தாவது கழியோடு உப்பாகியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கச்சான் காற்றில் எல்லாம் காய்ந்தன. லோஞ்சின் முன்னிலிருந்து பின்வரை கட்டிய கயிறுகளில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் செம்மண் நிறமும் பச்சையுமாகக் கழிகள் தொங்க, பாலத்தால் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்தார்கள். லோஞ்சு திரும்ப ஓடப்போகுதா என்று ஒருவர் வந்து கேட்டேவிட்டார். புரட்டாதியில் றுஷ்தா பார்க்க வந்தாள். முப்பது வயது இருக்கும், கண்டிப்பான பெண். ஒரு கழியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தாள். சாயம் ஒட்டவில்லை. “வேலை சுத்தம், அக்கா” என்றாள். அவளிடம் அந்த ஒரு வார்த்தையை வாங்குவது லேசான காரியமில்லை.

அந்த மாத விடுமுறையில் கௌசிகா இரண்டு நாள் வந்து நின்றாள். தகப்பன் பிடித்த ஓரா மீனும் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் தின்றுகொண்டு, ஒவ்வொரு கழிக்கும் கட்ட அட்டை வெட்டித் தந்தாள். அழகான எழுத்து. ‘தர்சிகா நூல்’ என்று மேலே எழுதி, கீழே நிறத்தின் பெயரை எழுதினாள். பச்சைக்கு மட்டும் ‘கௌசிப் பச்சை’ என்று எழுதிவிட்டுச் சிரித்தாள். அந்தப் பச்சையில் தனக்கு ஒரு கழி வேண்டும், புது அறையின் யன்னலுக்குப் பின்னிப் போட வேண்டும் என்றாள். ஒரு கழியைத் தர்சிகா அவள் கண்முன்னாலேயே தனியாக எடுத்து வைத்தாள்.

“அம்மா, அட்டையில விலாசம் எண்டு ஒரு கோடு விட்டிருக்கிறன். என்னத்தை எழுத?”

“அதை விடு. சீனக்குடாவுக்குப் போன பிறகு நீயே எழுது.”

முப்பது கிலோவும் பொலித்தீன் பைகளில் கட்டப்பட்டு, முன்பு பயணிகளின் மூட்டைகள் கிடந்த அடித்தட்டில் அடுக்கப்பட்டது. அதற்குமேல் ஒரு மாதம் தர்சிகா நிம்மதியாகத் தூங்கினாள். நிம்மதி என்பது சிலவேளை இப்படித்தான், கட்டிய பையைத் திறந்து பார்க்காமல் இருப்பதால் வருவது.

ஐப்பசி பத்தில் காற்றுத் திரும்பியது. வாடை பிடித்தது. முதலில் தூறல், பிறகு நாள் முழுக்க மழை. லோஞ்சுக்குள் வைத்த தீப்பெட்டி பற்றவில்லை, சீனி கட்டியானது. றுஷ்தாவுக்குக் கொடுக்க நாள் கிட்டியதால் தர்சிகா அடித்தட்டுக்கு இறங்கி ஒரு பையை அவிழ்த்தாள். கையை விட்டதும் வெளியே எடுத்துக்கொண்டாள். மழைத்தண்ணீர் இறங்கிவிட்டதோ என்று பையைச் சுற்றித் தடவினாள், வெளிப்பக்கம் காய்ந்தே இருந்தது. உள்ளே நூல் நனைந்திருந்தது. சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கியிருந்தது. நீலத்தில் சாம்பல் நிறமாகப் பூஞ்சணம். ஒவ்வொரு பையாக அவிழ்த்தாள். நல்ல தண்ணீரில் அலசிய முதல் ஏழெட்டுக் கிலோ மட்டும் போட்டபடி கிடந்தது. மற்றதெல்லாம் பிழிந்தால் சொட்டும்போல இருந்தது.

நல்லதையும் கெட்டதையும் ஒரு சாக்கில் எடுத்துக்கொண்டு, குடை பிடித்து, கிண்ணியாவுக்கு நடந்தே போனாள். மறைக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை. றுஷ்தா வீட்டு முன்கூடத்தில் பின்னிமுடித்த முயல்களும் யானைகளும் வரிசையாக இருந்தன. றுஷ்தா ஒரு ஈரக் கழியை எடுத்து மூக்கில் வைத்தாள். பிறகு நுனி நாக்கில் வைத்தாள்.

“எதில அலசின நீங்க, அக்கா?”

தர்சிகா சொன்னாள். தண்ணீர் வராத கதையையும் முழங்கால் கதையையும் சேர்த்துச் சொன்னாள்.

“திரும்ப அலசிக் காயவைச்சுத் தாறன் றுஷ்தா. ஒரு கிழமை தாங்கோ.”

“நிறம் கலந்ததைப் பிரிக்கேலாது, அக்கா. பூஞ்சணம் பிடிச்சதை நான் எப்பிடி எடுக்கிற? சின்னப் பிள்ளையள் வாயில வைச்சுச் சப்புற சாமான் இது.” ஈரக் கழியைத் திரும்பச் சாக்குக்குள் வைத்தாள். “நீங்க சொல்லாம விட்டிருந்தாலும் நான் கண்டுபிடிச்சிருப்பன். சொன்னதுக்காகச் சொல்லுறன், உங்கள்ல எனக்குக் கோவம் இல்ல. ஆனா கொழும்புக்காரருக்கு நான் வேற ஆளிட்டத்தான் நூல் எடுக்கோணும்.”

நல்ல எட்டுக் கிலோவை அவள் எடுத்துக்கொண்டாள். பின்னேர மழையில் மற்றதைச் சுமந்துகொண்டு தர்சிகா திரும்பினாள். கோவம் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அழவும் ஏலாது, சண்டை பிடிக்கவும் ஏலாது. வெறுமனே நடக்கத்தான் வேண்டும்.

ஆனால் அவள் லேசில் விடுகிற பெண் இல்லை. ஐப்பசி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கலக்காத நிறங்களையாவது மீட்டு, டவுனில் பொத்தானும் நூலும் விற்கிற கடைகளுக்குக் கொடுத்தால் அறைக்குள் போய்விடலாம் என்றாள். இப்போது தண்ணீருக்கு மட்டும் பஞ்சமில்லை. ஆவணியில் ஒரு கானுக்கு அடிபட்ட இடத்தில் வானமே கொட்டிக்கொண்டிருந்தது. கூரைப் படங்கை விரித்து, மழையைக் குழிவாக்கிப் பிடித்து, ஹிஸ்புல்லாக் காக்காவிடம் இரவல் வாங்கிய ஆறு பெரிய பீப்பாக்களில் நிரப்பினார்கள். எல்லாவற்றையும் லோஞ்சின் இடப்பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள். தர்சிகா குளிரில் விறைத்த கையோடு அலசினாள், பிழிந்தாள், உள்ளே கொடி கட்டித் தொங்கவிட்டாள். வெயில் ஒருநாளும் எறிக்கவில்லை. மூன்றாம் நாள் நல்ல தண்ணீரில் அலசிய நூலிலும் பூஞ்சணம் கண்டது.

நாலாம் நாள் காலையில் சஞ்சீவன் புதுக் கட்டுக்கயிறு எடுக்க மூலையில் கிடந்த பழைய கயிற்றுச் சுருளைத் தூக்கினான். அதிலிருந்து ஈரம் கையில் ஒட்டியது. தர்சிகா அதைப் பார்த்தாள். கடலில் நனைந்த கயிறு, ஆவணி முழுக்க வெயிலில் கிடந்து சுள்ளியாகக் காய்ந்திருந்த அதே கயிறு.

“இது மழையில நனையேல்லையே” என்றாள்.

அவன் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தான்.

“உப்புக் குடிச்சது மாரியில காயாது, என்ன? எப்பவும் இப்பிடித்தானே?”

“ஓம்.”

“உங்களுக்குத் தெரியும்.”

சஞ்சீவன் கயிற்றைக் கீழே வைத்தான். “தெரியும்.”

“அண்டைக்கும் தெரியும்.”

“அண்டைக்கு யோசிச்சனான், தர்சி. நூலும் கயிறும் ஒண்டோ வேறயோ எண்டு. வேறயா இருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டனான்.” குனிந்து முழங்காலைத் தடவினான். “சொல்லியிருந்தா நான் திரும்பத் தூக்கியிருக்கோணும். என்னால ஏலாமப் போச்சு. ஏலாது எண்டு சொல்லவும் வெக்கமாக் கிடந்தது.”

பதினைந்து வருசத்தில் அவள் அவனிடம் கத்திய தடவைகள் ஏராளம். அன்றைக்குக் கத்த ஒன்றும் வரவில்லை. அவனுடைய காலை நினைத்து அவள் தண்ணீர் கேட்காமல் விட்டாள். தன்னுடைய காலை நினைத்து அவன் வாயைத் திறக்காமல் விட்டான். இரண்டும் சேர்ந்து பிள்ளையைத் தின்றுவிட்டது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தை யார்மேல் இறக்குவது என்றுதான் தெரியவில்லை. குசினிக்குள் போய் இரண்டு பேருக்கும் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தாள். சீனி போட மறந்திருந்தாள். அவன் அப்படியே குடித்தான்.

அவன் குடித்துமுடிக்கும்போதுதான் அடித்தட்டில் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் கணுக்காலளவு நின்றது. ஆறு பீப்பாத் தண்ணீரின் பாரத்தில் லோஞ்சு இடப்பக்கமாகத் தாழ்ந்திருந்தது. கோடை முழுக்கத் தண்ணீருக்கு மேலே நின்று காய்ந்து சுருங்கிய பலகைகள் இப்போது தண்ணீருக்குக் கீழே போயிருந்தன. இடுக்குகளால் ஓடை உள்ளே வந்துகொண்டிருந்தது.

சேதி கேட்டதும் ஹிஸ்புல்லாக் காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மரச்சுத்தியலும் மழுங்கல் உளியும் ஒரு பேணி குங்கிலியமும் எடுத்துக்கொண்டு வந்தார். எழுபது வயதிலும் மரவேலையில் கை நடுங்காத மனிதர். அவரும் சஞ்சீவனுமாகப் பீப்பாக்களை வலப்பக்கத்துக்கு உருட்டினார்கள். கண்டல் நிழலில் அவ்வளவாகக் காயாத மறுபக்கத்துக்கு லோஞ்சு சாய, கசிந்த இடப்பக்கம் தண்ணீரை விட்டு வெளியே எழுந்தது. சிறுவள்ளத்தில் நின்றபடி காக்கா பலகை இடுக்குகளை விரலால் தடவிக்கொண்டே போனார். மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

“கலப்பத்து எல்லாம் உக்கிப்போச்சு” என்றார். பலகைக்கும் பலகைக்கும் இடையில் பருத்தித் திரியை வைத்து அடித்து, மேலே குங்கிலியம் பூசி அடைப்பதுதான் கலப்பத்து. அவர் நிமிர்ந்து பார்த்தார். “பருத்தி நூல் வேணும். கன நூல் வேணும். டவுனுக்குப் போய் வர நேரம் காணாது. உங்கிட்ட நூல் ஈக்கா, புள்ள?”

தர்சிகா சஞ்சீவனைப் பார்த்தாள். சஞ்சீவன் ஓடையைப் பார்த்தான்.

“இருக்கு, காக்கா” என்றாள்.

முதலில் கலங்கிப்போன மஞ்சளைக் கொண்டுவந்தாள். கௌசிகா எழுதிய அட்டைகளை அவிழ்த்து ஒரு பக்கம் வைத்தாள். எட்டு இழை சேர்த்து முறுக்கித் திரியாக்குவது அவளுக்குச் சிரமமாக இல்லை, நூலை அறிந்த கை. அவள் முறுக்கிக் கொடுக்க, சஞ்சீவன் வாங்கி இடுக்கில் வைத்துப் பிடிக்க, காக்கா உளியை வைத்து அடித்தார். டொக், டொக் என்று ஓடை முழுக்கக் கேட்டது. மஞ்சள் முடிந்து சிவப்புப் போனது, சிவப்பு முடிந்து நீலம். ஒரு விரற்கடை இடுக்கு ஒரு முழுக் கழியை விழுங்கியது. அவள் புகைக்குள் நின்று கம்பால் புரட்டிய நாட்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பலகைக்குள் போய்க்கொண்டிருந்தன.

மத்தியானம் ஆனபோது காக்காவுக்கு வேலையில் நல்ல திருப்தி. உளியை வைத்துவிட்டு, அடித்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“புது நூல் வாங்கி அடிச்சாலும் இப்பிடி அமையாது, புள்ள. உப்பு ஏறின நூல் ஒருநாளும் காயாது. உள்ளுக்க ஈரமாவே ஊதிக்கிட்டு நிண்டு பலகையைப் பிடிச்சுக்கும். ஆரோ பாத்துப் பாத்துச் செஞ்ச மாதிரி ஈக்கு.” மனமார்ந்த சந்தோசத்தோடு அவளைப் பார்த்தார். “இனி அஞ்சாறு வருசத்துக்கு உங்களுக்குக் கவலையில்ல. நிம்மதியா இதிலயே இருங்க.”

அந்த மனிதர் அவளுக்கு நல்லதைத்தான் சொன்னார். அதைவிடக் கொடுமையான ஒன்றை அவளிடம் அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கடைசி இடுக்கு முன்பக்கத்தில், பெயர் எழுதிய இடத்துக்குக் கீழே இருந்தது. பச்சைக் கழிகளும் முடிந்துவிட்டன. ஒரு முழம் குறைந்தது. தர்சிகா உள்ளே போய், தனியாக எடுத்துவைத்திருந்த அந்த ஒரு கழியைக் கொண்டுவந்தாள். சஞ்சீவனுக்கு அது எதுவென்று தெரியும். வாங்கக் கை நீட்டவில்லை. அவள் தானே இடுக்கில் வைத்துப் பிடித்தாள். காக்கா அடித்தார்.

ஐப்பசி முடிந்து இரண்டாம் நாள் சிவகுருநாதன் ஆள் அனுப்பினார். அறைக்கு ஒரு வாத்தியார் குடும்பம் வந்திருக்கிறது, இனியும் வைத்திருக்க ஏலாது, குறை நினைக்க வேண்டாம் என்றார். அவர் நாள் தவறாமல்தான் நடந்துகொண்டார். கார்த்திகை பிறந்து இரண்டு கிழமையில், ஒரு பின்னேரம், குணேஸ்வரி போன் எடுத்தாள். லோஞ்சின் முன்தட்டில் தர்சிகா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“தர்சிகா, நாளைக்குப் படிவம் குடுக்கிற கடைசி நாள். கிராம சேவகரிட்ட உங்கட கடிதம் எடுத்தனீரோ?”

“இல்லை, மச்சாள்.”

குணேஸ்வரி அதை எதிர்பார்த்துத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனாலும் குரல் தடுமாறியது. “நான் வேணுமெண்டு செய்யிறன் எண்டு நினைக்காதையும். பிள்ளையின்ர ஒரு வருசம் வீணாப் போயிடும். இஞ்சத்தை விலாசத்தைப் போடட்டே?”

“போடுங்கோ.”

“விலாசம் போட்டா, பாதுகாவலர் எண்ட இடத்தில விலாசக்காரரின்ர பேர்தான் வரோணுமாம். என்ர பேரை எழுதட்டே?”

தர்சிகா அரிசிக் கழுநீரைச் சட்டியிலிருந்து மெல்லச் சரித்து ஓடைக்குள் ஊற்றினாள். வெள்ளையாகப் பரவி, பலகையோரமாக ஓடிக் கலைந்தது. அடித்தட்டு நாலு நாள் மழையிலும் காய்ந்தே கிடந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

“எழுதுங்கோ மச்சாள்” என்றாள்.

குணேஸ்வரி அழுகிறாளோ என்னவோ, போனைக் கௌசிகாவிடம் கொடுத்துவிட்டாள். பிள்ளை பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். மாமி காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கித் தந்ததைச் சொன்னாள். பிறகு திடீரென்று ஞாபகம் வந்ததுபோலக் கேட்டாள்.

“அம்மா, என்ர பச்சை நூல் இருக்கோ?”

“இருக்கு, பிள்ளை.”

“எங்க வைச்சிருக்கிறீங்கள்?”

தர்சிகா விளிம்பில் குனிந்து பார்த்தாள். குங்கிலியம் பூசிய கறுப்புக்கு நடுவே, ஜெஸீமா என்ற எழுத்துக்குக் கீழே, ஒரு முழ நீளத்துக்குப் பச்சை கோடாகத் தெரிந்தது.

“வீட்டில இருக்கு” என்றாள்.

பின்னால் நின்ற சஞ்சீவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை.